கோப்பைக்குள் ஒரு சட்டம்: பெல்ஜிய வலுபீரும் 1919ஆம் ஆண்டும்

சென்ற மாதம் பெங்களூரில் ஒரு கருத்தரங்கு முடிந்த மாலையில், நண்பர்கள் சிலர் அருகிலிருந்த மதுவிடுதிக்கு அழைத்துச் சென்றனர். அங்கேயே வடித்துப் பரிமாறும் சிறு வடிப்பகம் அது. பட்டியல் அட்டையில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: பெல்ஜிய பாணி டிரிப்பல், 8 விழுக்காடு. அதன் கீழே, துறவிகள் ஆயிரம் ஆண்டுகளாக மௌனத்தில் காத்துவரும் செய்முறை என்னும் பொருள்பட ஒரு விளக்கம். ஐரோப்பியத் தொழிலாளர் வரலாற்றைத் தில்லியில் இருந்துகொண்டு படித்துவரும் எனக்கு, அந்த 'ஆயிரம் ஆண்டு' தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. அன்று மேசையில் பேசத் தொடங்கி முடிக்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். இது குடியைப் போற்றும் பதிவன்று, தூற்றும் பதிவுமன்று. ஒரு கோப்பையை வரலாற்று ஆவணமாக வாசிக்க முடியுமா என்னும் முயற்சி மட்டுமே.

முதலில் கோப்பை. நிறம் பழுத்த எலுமிச்சையின் மஞ்சளுக்கும் தேனுக்கும் இடைப்பட்டது. மேலே அடர்ந்து வெளுத்த நுரை, எளிதில் அடங்கவில்லை. மூக்கருகே கொண்டுசென்றால் வாழைப்பழம், கிராம்பு, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். இனிக்கப் போகிறது என்று நாக்கு ஆயத்தமாகும். ஆனால் இனிப்பு தொடங்கிய இடத்திலேயே கரைந்து, முடிவில் உலர்ந்த கசப்பொன்று நிற்கும். சாராயத்தின் சூடு உடனே தெரியாது. விழுங்கிச் சில நொடிகள் கழித்து நெஞ்சுக்குள் மெல்லப் பரவும். சாதாரண பீரைப் போல மடமடவென்று குடிக்கத் தோன்றுவதே இதன் ஆபத்து.

இதில் மாயம் எதுவுமில்லை. கிராம்பும் வாழையும் இதில் சேர்க்கப்படுவதில்லை. அவை ஈஸ்ட்டின் வேலை. சற்றே உயர்ந்த வெப்பநிலையில் நொதிக்கும் பெல்ஜிய ஈஸ்ட் வகைகள், சாராயத்தோடு கூடவே எஸ்டர்களையும் ஃபீனால்களையும் உருவாக்குகின்றன. வாழை மணத்துக்கு ஐசோஅமைல் அசிட்டேட்டும், கிராம்பு மணத்துக்கு 4-வினைல் குவையகோலும் காரணம். இத்தனை வலுவுள்ள பானம் நாக்கில் கனக்காமல் இருப்பதற்குச் சர்க்கரை காரணம். மால்ட்டை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பீர் பாகுபோல் தடித்துவிடும். சர்க்கரையோ மிச்சமின்றி நொதித்துச் சாராயமாகிவிடுகிறது. வலு ஏறுகிறது, உடல் மெலிகிறது. பிறகு புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிடுவதால் நுரையும் துடிப்பும் கூடுகின்றன.

வெளிர் மால்ட், சுத்திகரித்த சர்க்கரை, தேர்ந்தெடுத்து வளர்த்த ஈஸ்ட், அழுத்தத்தைத் தாங்கும் கண்ணாடிப் புட்டி: இந்த நான்கையும் வரிசையாக எழுதிப் பார்த்தாலே 'ஆயிரம் ஆண்டு' ஆட்டங்காணத் தொடங்கும். நான்குமே தொழிற்புரட்சிக் காலத்துப் பொருள்கள்.

மடங்களின் காலவரிசையும் அதையே சொல்கிறது. டிராப்பிஸ்ட் என்னும் பெயர், 17ஆம் நூற்றாண்டில் நார்மண்டியின் லா டிராப் மடத்தில் ஆர்மான் ழான் தெ ரான்சே முன்னெடுத்த கடுந்துறவுச் சீர்திருத்தத்திலிருந்து வந்தது. பிரெஞ்சுப் புரட்சி அம்மரபைச் சிதறடித்தது. 1793இல் ஓர்வால் மடம் எரிக்கப்பட்டது. 1795இல் இன்றைய பெல்ஜியப் பகுதிகள் பிரான்சோடு இணைக்கப்பட்டன. மறு ஆண்டே மடங்கள் கலைக்கப்பட்டன. இன்று நாம் அறியும் மடங்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய மறுபிறப்புகள். பிரான்சிலிருந்து தப்பியோடிய துறவிகள் 1794இல் ஆண்ட்வெர்ப்புக்கு அருகே வெஸ்ட்மல்லேயில் தங்கினர். அங்கே பீர் வடித்தது 1836இல்தான். ஷிமே பீரின் தாயகமான ஸ்கூர்மோன் மடம் 1850இல் நிறுவப்பட்டது. அதன் வடிப்பகம் 1862இல். ரோஷ்ஃபோரில் 1595லேயே பீர் வடித்ததற்குச் சான்று உண்டு. ஆனால் அம்மடமும் புரட்சியில் கலைந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் மீண்டும் வடிக்கத் தொடங்கியது. ஓர்வால் 1926இல் மறுபடி எழுப்பப்பட்டது. கட்டுமானச் செலவைத் திரட்டவென்றே 1931இல் அங்கு வடிப்பகம் தொடங்கினர்.

இடையில் அறுந்த நூல் என்பது துறவிகளுக்கு இழுக்கன்று. தம் கை உழைப்பில் வாழவேண்டும் என்பது புனித பெனடிக்டின் விதி. அதே விதி நாளொன்றுக்கு ஓரளவு திராட்சை மதுவையும் அனுமதிக்கிறது. கொடி வளராத வடக்கில் அந்த இடத்தைப் பீர் நிரப்பியது. ஆனால் மடத்துக்குள் துறவிகள் குடித்தது, இன்றும் குடிப்பது, பெரும்பாலும் மென்மையான பீர். நம் மேசைக்கு வந்த வலுத்த டிரிப்பல் வெளியுலகுக்காக, விற்பனைக்காக உருவானது. வெஸ்ட்மல்லே மடம் அதை 1934இல் வெளியிட்டது. இன்றைய வடிவம் 1956இல் செய்த திருத்தத்தால் அமைந்தது. அதன் வலு 9.5 விழுக்காடு. இந்தப் பாணிக்கே இலக்கணமாகக் கொள்ளப்படும் பீர், என் தாத்தாவை விட வயதில் இளையது.

அப்படியானால் கேள்வி இதுதான்: 1930களில் பெல்ஜியத்தில் இவ்வளவு வலுத்த பீரை யார் கேட்டார்கள்? ஏன் கேட்டார்கள்?

இங்கேதான் தொழிலாளி உள்ளே வருகிறார். 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியம் ஐரோப்பியக் கண்டத்தின் முதல் தொழில்மயமான நாடு. லியேழ், எனோ பகுதிகளில் நிலக்கரியும் இரும்பும். கென்ட் நகரில் பஞ்சாலைகள். அன்றாடப் பீர் மிக மெலிந்தது. தண்ணீருக்குப் பதிலாக, உணவோடு குடிப்பது. போதைக்கானது ஜெனீவர்: தானியத்திலிருந்து வடித்து, ஜூனிப்பர் காய் சேர்த்த மலிவான சாராயம். விடியற்காலையில் ஆலைக்குப் போகும் வழியிலேயே ஒரு சிறு கோப்பை. கூலியும் பல இடங்களில் மதுக்கடையிலேயே பட்டுவாடா செய்யப்பட்டது. மேற்பார்வையாளரோ அவருடைய உறவினரோ நடத்தும் கடையாகவும் அது இருந்தது. கூலி வாங்கப் போனவர் குடிக்காமல் திரும்பினால் மறுவாரம் வேலை இருக்குமா என்பது ஐயம். 1886ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பின்பு அரசு அமைத்த விசாரணைக் குழு இவற்றையெல்லாம் பதிவுசெய்தது. 1887ஆம் ஆண்டுச் சட்டம் மதுக்கடையில் கூலி கொடுப்பதைத் தடைசெய்தது. ஆலை வாயில், சம்பள நாள், காத்திருக்கும் மனைவி என்னும் காட்சி நமக்கும் அந்நியமானதன்று.

1885இல் தோன்றிய பெல்ஜியத் தொழிலாளர் கட்சி, குடியை முதலாளியின் கூட்டாளியாகக் கண்டது. ஆனால் அதன் பகை ஜெனீவரோடு, பீரோடு அன்று. விக்டர் ஓர்ட்டா வடிவமைத்து 1899இல் பிரசல்ஸில் திறந்த மக்கள் இல்லத்தின் உணவகத்தில் பீர் கிடைத்தது, வடிசாராயம் கிடைக்கவில்லை. எரிசாராயம் எதிரி, நொதித்த பானம் நண்பன் என்னும் இந்தப் பிரிவினை அக்கால ஐரோப்பிய மது ஒழிப்பு இயக்கங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. பார்லி பயிரிட்ட உழவர்களும், எண்ணிக்கையில் மிகுந்திருந்த வடிப்பக உரிமையாளர்களும் அதை விரும்பியே வரவேற்றார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அக்கட்சியின் தலைவர் எமில் வாண்டர்வெல்டே மதுவைத் தொடாதவர்; இரண்டாம் அகிலத்தின் தலைவராகவும் இருந்தவர். முதல் உலகப் போர் முடிந்ததும் நீதித்துறை அமைச்சரானார். 1919 ஆகஸ்டு 29 அன்று அவர் பெயரால் இன்றும் அறியப்படும் சட்டம் நிறைவேறியது. மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் பொது இடங்களிலும் வடிசாராயம் விற்கவோ பரிமாறவோ கூடாது. கடையில் வாங்கிச் செல்லலாம். ஆனால் ஒரே முறையில் குறைந்தது இரண்டு லிட்டர் வாங்க வேண்டும். அதன்மேல் கடுமையான வரி வேறு.

இந்த இரண்டு லிட்டர் விதியில் என் மாணவ நண்பர்கள் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சட்டம் ஜெனீவரைத் தடைசெய்யவில்லை, கோப்பையைத் தடைசெய்தது. இரண்டு லிட்டருக்கான பணத்தை மொத்தமாக எடுத்துவைக்கக் கூடியவர், தம் வீட்டு அலமாரியிலிருந்து வழக்கம்போலக் குடிக்கலாம். வாரக் கூலியிலிருந்து ஒவ்வொரு கோப்பையாக வாங்குபவருக்கே கதவு அடைபட்டது. தொழிலாளியின் நலனுக்காகத் தொழிலாளர் கட்சியின் தலைவரே கொண்டுவந்த சட்டம், நடுத்தர வர்க்கத்தைத் தொடாமல் தொழிலாளியின் கையை மட்டும் பிடித்தது. இதை வஞ்சகம் என்று சொல்லமாட்டேன். வடிசாராய நுகர்வு போருக்கு முந்தைய அளவைக் காட்டிலும் பெரிதும் குறைந்தது உண்மை. அதனால் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்திருக்கும் என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நன்மையும் வர்க்கப் பாகுபாடும் ஒரே சட்டப் பிரிவுக்குள் வாழமுடியும் என்பதை மதுவிலக்கு பற்றி எழுதும் நாம் மறக்கலாகாது.

அதே ஆண்டின் உலகச் சூழலையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் மதுவிலக்குக்கான அரசியலமைப்புத் திருத்தம் 1919 ஜனவரியில் ஏற்பு பெற்றது. ஃபின்லாந்திலும் அவ்வாண்டே மதுவிலக்கு வந்தது. பெல்ஜியச் சட்டம் நிறைவேறிய பன்னிரண்டாம் நாள், செப்டம்பர் 10 அன்று, ஆப்பிரிக்காவில் மது வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையொன்று சேன் ழெர்மேன் ஆன் லேயில் கையெழுத்தானது. கையெழுத்திட்ட நாடுகளில் பெல்ஜியமும் ஒன்று. அதற்கு முன்னோடியான 1890ஆம் ஆண்டுப் பொது ஒப்பந்தம் உருவானதே பிரசல்ஸ் நகரில். அதன்படி வட அகலாங்கு 20 பாகைக்கும் தென் அகலாங்கு 22 பாகைக்கும் இடைப்பட்ட ஆப்பிரிக்கப் பகுதிக்குள் வடிசாராயம் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரியாதவன் என்று ஒருவனைக் கருதி, அவனுக்காக நாம் கட்டுப்பாடு விதிக்கிறோம் என்னும் மொழி காங்கோவிலும் கென்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வாண்டர்வெல்டே காங்கோவில் நடந்த கொடுமைகளை நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர். 1908இல் அங்கு நேரில் சென்றவர். நல்லெண்ணமுள்ளவர்களும் தம் காலத்தின் மொழியில்தான் பேசுகிறார்கள்.

இனி, பரவலாகச் சொல்லப்படும் விளக்கத்துக்கு வருவோம். ஜெனீவர் மறைந்தது, வலுவான பானம் தேடிய நாக்குகள் அநாதையாயின, வடிப்பகங்கள் அந்த வெற்றிடத்தை வலுத்த பீரால் நிரப்பின, ஆக, வாண்டர்வெல்டே சட்டமே பெல்ஜிய வலுபீரின் தாய். பீர் குறித்த நூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் இதைக் காணலாம். அழகான கதை, மதுவிலக்குச் சட்டமே மதுவைப் பெற்றெடுத்தது என்னும் நகைமுரண் அதில் இருப்பதால் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அழகான கதைகளிடம்தான் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

முதல் தடை காலம். சட்டம் 1919இல், வெஸ்ட்மல்லேயின் டிரிப்பல் 1934இல். இடையில் பதினைந்து ஆண்டுகள். தாகம் அவ்வளவு பொறுமையாகக் காத்திருப்பதில்லை.

இரண்டாம் தடை, பிரிட்டிஷ் பீர். போரின்போது ஜெர்மானிய ஆக்கிரமிப்புப் படை வடிப்பகங்களின் செம்புப் பாத்திரங்களைப் பறித்துச் சென்றது. பல வடிப்பகங்கள் பிறகு திறக்கவேயில்லை. மெலிந்துபோன உள்ளூர்ச் சந்தையில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்தின் வலுத்த பீர்கள் மதிப்புப் பெற்றன. மோர்ட்காட் குடும்பம் ஸ்காட்லாந்திலிருந்து ஈஸ்ட் கொண்டுவந்து, வெற்றியின் நினைவாக ஒரு பீரை வடித்தது. 1923இல் அது டூவெல், அதாவது பிசாசு, என்னும் பெயர் பெற்றது. அன்று அது கருமை நிறம். இன்றுள்ள பொன்னிறம் 1970இல் வந்தது. 'பெல்ஜியத் தனித்தன்மை'யின் இந்தத் தூணுக்கு அடியில் ஒரு ஸ்காட்லாந்து ஈஸ்ட் கிடக்கிறது.

மூன்றாம் தடை, பொன்னிறம். சாராய வலு மட்டுமே தேவையெனில் பழைய கறுத்த பீரையே இன்னும் வலுவாக்கியிருக்கலாம். வெளிர்நிறம் ஏன்? பொஹீமியாவிலிருந்து பரவிய பில்ஸ்னரின் பளிங்கு போன்ற பொன்னிறமே அக்காலத்தில் நவீனத்தின் அடையாளம். மேல்நொதி மரபில் நின்ற சிறு வடிப்பகங்கள் அந்த நிறத்தைக் கடன் வாங்கி, வலுவையும் மணத்தையும் கூட்டிப் போட்டியிட்டன. மடத்தின் மதிலுக்கு வெளியிலும் இதே தேடல் நடந்துகொண்டிருந்தது. 1930களின் தொடக்கத்திலேயே ஹென்ட்ரிக் வெர்லிண்டன் என்னும் வடிப்பறிஞர் தம்முடைய பீரை டிராப்பிஸ்ட் என்னும் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார். போருக்குப் பின்பும் மடமும் ஆய்வகமும் கைகோத்தே நடந்தன. ஷிமேயின் அருட்தந்தை தியோடோர், லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ழான் தெ கிளெர்க்கோடு இணைந்து தம் ஈஸ்ட்டைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். மௌனத்தில் காத்த இரகசியம் என்று நாம் படிப்பது, நுண்ணோக்கியின் கீழ் வளர்ந்தது.

இவற்றோடு வரி என்னும் பழைய சிற்பியையும் சேர்க்கவேண்டும். நெதர்லாந்து ஆட்சியில், 1822இல் வந்த சட்டம், மால்ட் ஊறவைக்கும் தொட்டியின் கொள்ளளவைப் பார்த்து வரி விதித்தது. எனவே சிறிய தொட்டிக்குள் தானியத்தை நெரித்து அடைப்பதே வடிப்போரின் கலையானது. 1885இல்தான் மால்ட்டின் எடையைப் பார்த்து வரி கட்டும் வாய்ப்பு வந்தது. பெல்ஜிய வடிப்பு நுட்பங்களில் 'தொன்மை' என்று நாம் வியப்பனவற்றுள் சில, வரி அலுவலரை ஏமாற்றக் கண்டுபிடித்தவை.

ஆகவே என் முடிவு அடக்கமானது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் வலுபீரைப் பெற்றெடுக்கவில்லை. அது பிறப்பதற்கான இடத்தை ஒழித்துக் கொடுத்தது. மதுக்கடை மேசையில் ஜெனீவர் கோப்பை இருந்த இடம் காலியானது. அந்த இடத்தில் எதை வைப்பது என்பதைப் போரின் அழிவும், பிரிட்டிஷ் இறக்குமதியும், பில்ஸ்னரின் போட்டியும், சர்க்கரையும், நுண்ணுயிரியலும், கட்டடம் எழுப்பப் பணம் தேவைப்பட்ட மடங்களும் சேர்ந்து முடிவுசெய்தன. சட்டம் 1983இல் நீக்கப்பட்டபோது ஜெனீவர் பழைய அரியணைக்குத் திரும்பவில்லை. அறுபது ஆண்டுகளில் நாக்கு வேறு பாடம் படித்துவிட்டது.

அந்தப் பாடத்துக்குப் பெயர் சூட்டியவர்களும் பெரும்பாலும் வெளியார்தாம். மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர் 1977இல் வெளியிட்ட உலக பீர் வழிகாட்டி, இந்தப் பீர்களை வகைபிரித்து உலகுக்கு அறிமுகம் செய்தது. அமெரிக்கச் சிறு வடிப்பகங்கள் அந்த வகைகளைப் பிடித்துக்கொண்டன. 'பெல்ஜிய பாணி' என்பது மடத்தைவிட்டு, நாட்டைவிட்டு, நகல் எடுக்கத்தக்க இலக்கணமாக மாறியது. மடங்கள் விழித்துக்கொண்டு, 1997இல் எட்டு மடங்களின் பன்னாட்டுச் சங்கமொன்றை அமைத்து முத்திரை வழங்கத் தொடங்கின. மடத்தின் எல்லைக்குள் வடிக்கவேண்டும். துறவிகளின் மேற்பார்வை வேண்டும். வருமானம் மடத்தின் தேவைக்கும் அறப்பணிக்கும் செல்லவேண்டும். 2016இல் பெல்ஜியப் பீர்ப் பண்பாடு யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது. 2021இல் ஆகெல் மடத்தின் கடைசித் துறவிகள் வெளியேறியபோது, அங்கு வடித்த பீர் அந்த முத்திரையை இழந்தது. செய்முறை மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை, ஆள் இல்லை. மரபு செய்முறையில் இல்லை, அதைச் செய்பவரின் வாழ்க்கைமுறையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டாளரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்று மேசையில் ஓர் இளம் ஆய்வாளர் கேட்டார்: அப்படியென்றால் இந்த அட்டையில் இருப்பது பொய்தானே? பொய் என்பதைவிட, பாதி அழிக்கப்பட்ட ஓலை என்பேன். துறவி இருந்தார், உழைத்தார், அது உண்மை. அவருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய மற்றவர்கள் அழிக்கப்பட்டுவிட்டார்கள்: விடியலில் ஜெனீவர் குடித்த நெசவாளி, ஆலை வாயிலில் கூலிக்காகக் காத்து நின்ற அவர் மனைவி, அவர்களைத் திருத்தச் சட்டமியற்றிய சோசலிச அமைச்சர், தொட்டியை அளந்த வரி அலுவலர், ஈஸ்ட்டைப் பிரித்த பேராசிரியர். புட்டிகளின் வில்லையில் அங்கியணிந்த துறவியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கூலித் தொழிலாளியை ஒருமுறையும் பார்த்ததில்லை.

ஆனால் சட்டம் மட்டும் கோப்பையை விட்டுப் போவதேயில்லை. வெஸ்ட்மல்லேயில் 9.5 விழுக்காடாக இருப்பது, பெங்களூரில் ஏன் 8 விழுக்காடாக இறங்கியது? நம் உணவுப் பாதுகாப்புத் தரவிதிகளில் 'ஸ்ட்ராங்' பீருக்கு உரிய மேல்வரம்பு 8 விழுக்காடு. துறவியின் பெயரைச் சொல்லி என் முன் வைக்கப்பட்ட அந்தக் கோப்பையின் வலுவைத் தீர்மானித்தது நம்முடைய சட்டம். இதற்கு நம் நாட்டிலும் ஒரு வரலாறு உண்டு: கலால் வருமானத்துக்கும் அரசியலமைப்பின் 47ஆம் கூறுக்கும் இடையே நெடுங்காலமாக நடக்கும் இழுபறியின் வரலாறு. அதை யாரேனும் இதே பொறுமையோடு எழுதினால், முதல் வாசகராக நான் இருப்பேன்.